காலேஜ் ஃபுட்பால் 25: கோச் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நல்ல விளையாட்டு. ரொம்பவே நல்ல விளையாட்டு. ஈ.ஏ. ஸ்போர்ட்ஸ் 2024 ஜூலை 19 அன்று வெளியிட்ட 'காலேஜ் ஃபுட்பால் 25' என்ற வீடியோ கேமை, அடுத்த வருடத்து 26 வந்த பிறகும் விட முடியாமல் ஆடிக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஆட ஆட ஒன்று உறுத்த ஆரம்பித்தது, அந்த உறுத்தலையும் சேர்த்துத்தான் இந்த விமர்சனம். வெறும் கிராஃபிக்ஸ், கன்ட்ரோல், ஃப்ரேம் ரேட் மட்டும் வேண்டுமென்றால் யூடியூபில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அங்கே போங்கள்.

அடிப்படை விவரம்: பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் இவற்றில் மட்டும்தான் ஓடும். கம்ப்யூட்டரில் கிடையாது. வெளியானபோது சாதாரணப் பதிப்பு 69.99 டாலர், மூன்று நாள் முன்னதாக ஆட விடும் டீலக்ஸ் பதிப்பு 99.99. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் முதல் பிரிவில் இருக்கும் 134 அணிகளும் உள்ளே இருக்கின்றன, அவற்றின் ஸ்டேடியம், பேண்டு வாத்தியம், கொடி, கோஷம் எல்லாவற்றோடும். நம் ஊரிலிருந்து எம்.எஸ். விண்ணப்பம் போட்ட யாருக்கும் அரிசோனா ஸ்டேட், பர்டியூ, டெக்சஸ் ஏ அண்ட் எம் எல்லாம் அத்துப்படியான பெயர்கள்தான். ஆனால் ஜி.ஆர்.ஈ. மதிப்பெண்ணும் அசிஸ்டன்ட்ஷிப்புமாக நாம் அறிந்த அந்தப் பல்கலைக்கழகங்களுக்கு, சனிக்கிழமைகளில் ஒரு லட்சம் பேர் கத்தும் இன்னொரு முகம் இருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழக ஸ்டேடியத்தின் கொள்ளளவு மட்டும் 1,07,601. ஒரு கல்லூரியின் மைதானம் இது, நினைவில் வையுங்கள்.

அந்தச் சத்தத்தைத்தான் இந்த விளையாட்டு அற்புதமாகப் பிடித்திருக்கிறது. வெளியூர் அணியாக லூசியானா ஸ்டேட்டின் மைதானத்துக்குள் இரவு ஆட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். கூட்டம் கத்தக் கத்த ஸ்கிரீன் அதிரும், யார் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று காட்டும் கோடுகள் நெளிந்து குழம்பும், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் புது ஆள் என்றால் அவன் பதற்றம் உங்கள் கைக்கே வந்துவிடும். கிறிஸ் ஃபௌலர், கிர்க் ஹெர்ப்ஸ்ட்ரீட் இருவரின் வர்ணனையும் டி.வி.யில் கேட்பது போலவே இருக்கிறது. இதே கம்பெனியின் தொழில்முறை ஃபுட்பால் விளையாட்டான மேடனோடு ஒப்பிட்டால் இதில் வேகம் அதிகம், ஓட்டத்தில் ஒரு துள்ளல் இருக்கிறது, பந்தைக் கொடுப்பதா வைத்துக்கொள்வதா என்று ஓடும்போதே முடிவெடுக்கும் ஆப்ஷன் ஆட்டங்கள் கைக்கு அழகாக வருகின்றன. உதைக்கும் மீட்டர் பழகும் வரை படுத்தும், பிறகு சரியாகிவிடும். ஆட்டத்தைப் பற்றி இவ்வளவு போதும்.

இனி, இந்த விளையாட்டு ஏன் பதினோரு வருடம் வரவே இல்லை என்ற கதை. இது தெரியாமல் இந்த டிஸ்க்கை வாங்கினால் பாதிதான் புரியும்.

இதற்கு முந்தையது 2013-ல் வந்த என்.சி.ஏ.ஏ. ஃபுட்பால் 14. என்.சி.ஏ.ஏ. என்பது கல்லூரி விளையாட்டை ஆளும் சங்கம். அதன் விதிப்படி கல்லூரி ஆட்டக்காரர்கள் அமெச்சூர்கள். கல்விக் கட்டணம், விடுதி, சாப்பாடு, புத்தகம் இவை ஸ்காலர்ஷிப்பில் வரும், அதற்குமேல் அவர்கள் பெயரை வைத்து ஒரு டாலர்கூட வாங்கக் கூடாது. அதனால் பழைய விளையாட்டுகளில் ஆட்டக்காரர் பெயர் இருக்காது, எண் மட்டும் இருக்கும். மற்றதெல்லாம் இருக்கும். உயரம், எடை, தோல் நிறம், எந்த மாநிலத்துப் பையன், மணிக்கட்டில் கட்டும் பட்டை வரைக்கும். ரட்கர்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் ரயன் ஹார்ட் இதை வைத்துத்தான் வழக்குப் போட்டார். அரிசோனா ஸ்டேட்டிலும் நெப்ராஸ்காவிலும் ஆடிய சாம் கெல்லர் 2009-ல் போட்டார். அதே வருடம் எட் ஓபேனன் போட்டது எல்லாவற்றிலும் பெரிய வழக்கு. 1995-ல் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்துக்கு கூடைப்பந்துப் பட்டம் வாங்கிக்கொடுத்தவர் அவர். ஒரு நண்பர் வீட்டுப் பையன் ஆடிக்கொண்டிருந்த வீடியோ விளையாட்டில் தன்னையே பார்த்தார், 31-ஆம் எண், அதே இடது கை ஷாட். பெயர் இல்லை, காசும் இல்லை.

2014-ல் நீதிபதி கிளாடியா வில்கன் என்.சி.ஏ.ஏ.வின் விதிகள் போட்டிச் சட்டத்தை மீறுகின்றன என்று தீர்ப்புச் சொன்னார். விளையாட்டில் சாயலைப் பயன்படுத்தியது தொடர்பான வழக்குகளை முடித்துக்கொள்ள ஈ.ஏ.வும் அதன் உரிம முகவர் நிறுவனமும் 4 கோடி டாலர், என்.சி.ஏ.ஏ. 2 கோடி டாலர் என்று தனித்தனியே கொடுத்தன. ஆட்டக்காரர்களுக்குக் காசு கொடுக்கக் கூடாது என்று சங்கம் சொல்கிறது, கொடுக்காமல் போட்டால் வழக்கு வருகிறது, எனவே விளையாட்டே நிறுத்தப்பட்டது. 2021 ஜூனில், ஆட்டக்காரர்களுக்குத் தரும் கல்விச் சலுகைகளுக்கு வரம்பு வைப்பது பற்றிய ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்பதுக்குப் பூஜ்யம் என்று என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பத்தே நாளில், ஜூலை 1 முதல், ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் சாயலையும் விற்றுச் சம்பாதிக்கலாம் என்று கதவு திறந்தது. அந்தக் கதவு வழியாகத்தான் இந்த விளையாட்டு திரும்ப வந்திருக்கிறது.

சரி, திரும்ப வந்தபோது எவ்வளவு கொடுத்தார்கள்? தலைக்கு 600 டாலர், கூடவே விளையாட்டின் பிரதி ஒன்று இலவசம். ராயல்டி கிடையாது. முதலில் 500 என்ற பேச்சு வந்தபோதே கல்லூரி ஃபுட்பால் ஆட்டக்காரர்களுக்கான ஒரு சங்கம், இது அடிமாட்டு விலை, யாரும் ஒத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லிப் பார்த்தது. ஒரு அணிக்கு 85 பேர் என்று சுமார் 11,000 பேரிடம் கேட்டார்கள், 10,000-க்கும் மேல் சரி என்றார்கள். ஏன் சொல்ல மாட்டார்கள்? சின்ன வயதில் ஆடிய விளையாட்டில் தன் பெயரும் முகமும் வருகிறதென்றால் பத்தொன்பது வயதுப் பையன் காசு வாங்காமலே கையெழுத்துப் போடுவான். தங்கள் ரேட்டிங்கைப் பார்த்துத் துள்ளிக் குதித்த பையன்களின் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன, அந்தச் சந்தோஷத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆரம்பத்தில் ஒத்துக்கொள்ளாமல் நின்ற பெரிய பெயர் டெக்சஸ் அணியின் ஆர்ச் மேனிங். தாத்தா, இரண்டு சித்தப்பாக்கள் எல்லாரும் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லில் குவார்ட்டர்பேக்குகளாக இருந்த குடும்பம், அவருக்கு 600 டாலர் ஒரு பொருட்டில்லை. பிறகு அவரும் சேர்ந்துகொண்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காத்திருக்க முடிகிறவர்கள் இப்படி ஒருசிலர்தான்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். 11,000 பேருக்கும் 600 டாலர் கொடுத்தாலும் மொத்தம் 66 லட்சம் டாலர். 2023 நவம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் தன் கோச் ஜிம்போ ஃபிஷரை வேலையை விட்டு அனுப்பியது, ஒப்பந்தத்தில் மீதமிருந்த வருடங்களுக்காக அவருக்குத் தர வேண்டியதாக இருந்தது ஏறத்தாழ 7.6 கோடி டாலர். அதாவது ஒரே ஒரு கோச் வேலை செய்யாமல் இருப்பதற்கான தொகையில், நாட்டிலுள்ள அத்தனை அணி ஆட்டக்காரர்களின் முகத்துக்கும் கொடுத்தது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கடை விலைக்கு ஒன்பது பிரதி விற்றால் ஒரு பையனுக்குக் கொடுத்த காசு வந்துவிடும். இந்த விளையாட்டோ, டாலர் வருமானக் கணக்கில் அமெரிக்காவில் இதுவரை வந்த விளையாட்டு வீடியோ கேம்களிலேயே முதலிடம் பிடித்தது. இதில் இன்னொரு வேடிக்கை, 25-ல் நிஜமான தலைமை கோச்கள் யாரும் கிடையாது. ஓரத்தில் நின்று கத்துபவர்கள் எல்லாம் கற்பனை ஆட்கள். நிஜ கோச்கள் 26-ல்தான் வந்தார்கள்.

இப்போது நான் அதிக நேரம் செலவழித்த பகுதிக்கு வருகிறேன். டைனஸ்டி என்றொரு மோட். இதில் நீங்கள் ஆட்டக்காரர் இல்லை, கோச். முப்பது சீசன் வரை ஒரு கல்லூரியைக் கட்டி எழுப்பலாம். நான் ஓஹையோவில் இருக்கும் கென்ட் ஸ்டேட் மாதிரி நோஞ்சான் அணியைத்தான் எடுப்பேன், அலபாமாவை எடுத்து ஜெயிப்பதில் என்ன இருக்கிறது. வாராவாரம் இத்தனை மணி நேரம் என்று உங்களுக்குக் கொடுப்பார்கள், அதை நாடெங்கும் உள்ள பள்ளி மாணவர்கள் மேல் செலவழித்து வலைவீச வேண்டும். நம் பொறியியல் கவுன்சிலிங்கைத் தலைகீழாகப் போட்ட மாதிரி, இங்கே கல்லூரிகள் வரிசையில் நிற்கின்றன, ரேங்க் உள்ள பையன் உட்கார்ந்து யோசிக்கிறான். ஒருவனுக்கு வீட்டுக்குப் பக்கத்தில் வேண்டும், ஒருவனுக்கு முதல் வருடமே களமிறங்க வேண்டும், ஒருவனுக்குப் படிப்பில் நல்ல பெயருள்ள இடம் வேண்டும். அவன் மனதில் என்ன இருக்கிறதென்று கண்டுபிடித்து அதைச் சரியாகத் தட்டினால் விழுவான். பயங்கரமாகப் பற்றிக்கொள்ளும் மோட் இது, ராத்திரி ஒரு மணிக்கு ஐடஹோவில் இருக்கும் லைன்பேக்கர் என்ற தடுப்பு ஆட்டக்காரனாக வரப்போகும் ஒரு கற்பனைப் பையனுக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருப்பீர்கள்.

சீசன் முடிந்ததும் ஒரு திரை வரும். அணியில் 85 பேர்தான் இருக்கலாம், புதுப் பையன்கள் வந்தால் எண்ணிக்கை கூடிவிடும், அப்போது யாரையாவது 'வேறு கல்லூரிக்குப் போக ஊக்கப்படுத்த' வேண்டும். உண்மையாகவே விளையாட்டில் அதற்கு வைத்திருக்கும் பெயர் அதுதான். பட்டியலைப் பார்ப்பேன், மூன்றாம் வருடத்துப் பையன், ரேட்டிங் 68, இனி ஏறாது, அமுக்கு. அடுத்தவன், இரண்டாம் வருடம், முழங்கால் அடிபட்டு வேகம் குறைந்துவிட்டது, அமுக்கு. அவன் மேல் ஒரு வருடம் முன்பு வாரக்கணக்கில் மணி நேரம் செலவழித்திருப்பேன், அவன் வீடு பக்கத்தில்தான் இருக்கிறது, அவன் அம்மா ஸ்டேடியத்துக்கு வரலாம் என்பதாகவெல்லாம் பேசி இழுத்திருப்பேன். அமுக்கும்போது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. சீசன் நான்கோ ஐந்தோ ஓடிய பிறகுதான் அது உறைத்தது.

நிஜத்தில் இப்படி நடக்குமா என்று கேட்டால், ரொம்ப காலம் இதைவிட எளிதாக நடந்தது. 1973-ல் என்.சி.ஏ.ஏ. நான்கு வருட ஸ்காலர்ஷிப்பை எடுத்துவிட்டு வருடா வருடம் புதுப்பிக்கும் ஸ்காலர்ஷிப்பாக மாற்றியது. கோச் புதுப்பிக்காவிட்டால் அவ்வளவுதான், பையன் படிப்பு அந்தரத்தில். சுமார் நாற்பது வருடம் கழித்து 2012-ல்தான் பல வருட ஸ்காலர்ஷிப் கொடுக்க மறுபடி அனுமதி வந்தது. ஆட்டம் சரியில்லை என்பதற்காக ஸ்காலர்ஷிப்பை வெட்டக் கூடாது என்று ஐந்து பெரிய லீக்குகளும் ஒத்துக்கொண்டது 2015-ல். ஆனாலும் 'உனக்கு இங்கே இடம் இருக்காது தம்பி, வேறு இடம் பார்' என்று சொல்வதைத் தடுக்க விதி ஏதும் இல்லை. 2022 டிசம்பரில் கொலராடோவுக்கு கோச்சாக வந்த டீயான் சாண்டர்ஸ், அணியோடு நடந்த முதல் கூட்டத்திலேயே கேமரா முன்னால் பையன்களைப் பார்த்து, வேறு கல்லூரிக்கு மாற விரும்புகிறவர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலுக்குப் போகச் சொன்னார். அடுத்த சில மாதங்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். சாண்டர்ஸ் கூடவே அழைத்துவந்த டிராவிஸ் ஹன்டர் இந்த விளையாட்டின் அட்டையில் சிரிக்கிறார். அவர் அசாத்தியமான ஆட்டக்காரர், அதில் சந்தேகமே இல்லை, சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதும் வாங்கினார். போனவர்களை யாரும் அட்டையில் போட மாட்டார்கள், அது புரிகிறது.

இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த புது அம்சம் உடல் தேய்மானக் கணக்கு. ஒவ்வொரு ஆட்டக்காரரின் தலை, தோள், முட்டி, கணுக்கால் என்று தனித்தனியாக வாங்கிய அடியைக் கணக்கு வைக்கிறது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடி விழுந்தால் வேகம் குறையும், எறியும் பலம் குறையும், பெரிய காயம் வரும் வாய்ப்பு கூடும். டைனஸ்டியில் இது வாரத்துக்கு வாரம் சேரவும் செய்யும். விளையாட்டு வடிவமைப்பாகப் பார்த்தால் பிரமாதம், நட்சத்திர ஓட்டக்காரனையே முப்பது தடவை ஓட விடும் சோம்பேறித்தனத்துக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. ஆனால் அந்த மனித உருவப் படத்தில் பச்சை மஞ்சளாகி, மஞ்சள் சிவப்பாவதைப் பார்த்துக்கொண்டே, இன்னும் நான்கு யார்டுதானே, தாங்குவான் என்று முடிவெடுப்பவன் நான். அடி வாங்குபவன் வேறு ஆள்.

அந்த அடிக்கு யார் பொறுப்பு என்ற கேள்விதான் இந்த மொத்த அமைப்பின் அஸ்திவாரம். 1955-ல் கொலராடோவில் ஃபோர்ட் லூயிஸ் என்ற சிறு கல்லூரிக்காக ஆடிய ரே டென்னிசன் தலையில் அடிபட்டு இறந்தார். தொழிலாளிக்குக் கிடைக்கும் விபத்து இழப்பீடு வேண்டும் என்று அவர் மனைவி கேட்டார். ஆட்டக்காரர் கல்லூரியின் ஊழியர் இல்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் 1957-ல் தள்ளுபடி செய்தது. 1974-ல் டெக்சஸ் கிறிஸ்டியன் அணிக்காக அலபாமாவை எதிர்த்து ஆடியபோது கழுத்து முறிந்து உடல் செயலிழந்த கென்ட் வால்ட்ரெப்புக்கும் கடைசியில், 2000-ல், அதே பதில்தான். இவர்கள் மாணவர்கள், தொழிலாளிகள் இல்லை, ஆகவே சம்பளம் இல்லை, சங்கம் இல்லை, இழப்பீடு இல்லை. நார்த்வெஸ்டர்ன் அணியின் கெய்ன் கோல்டர் 2014-ல் சங்கம் அமைக்க முயன்றபோது, தொழிலாளர் வாரியத்தின் சிகாகோ அதிகாரி, சீசன் சமயத்தில் வாரம் 40 முதல் 50 மணி நேரம் ஃபுட்பாலுக்கே போகிறது, இவர்கள் ஊழியர்கள்தான் என்றார். அடுத்த வருடம் வாஷிங்டனில் இருக்கும் மேல் வாரியம், இதில் நாங்கள் தலையிட மாட்டோம் என்று கையை விரித்துவிட்டது.

மேரிலாண்ட் அணியை எடுத்து ஆடும்போது ஜோர்டன் மெக்நேர் ஞாபகத்துக்கு வராமல் இருக்காது, எனக்காவது. 2018 மே 29 அன்று, சீசன் தொடங்க மூன்று மாதம் இருக்கையில், பயிற்சியில் 110 யார்டு ஓட்டங்களைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார்கள். வெப்பத் தாக்கு. உடனே குளிர்ந்த நீர்த்தொட்டியில் இறக்கியிருக்க வேண்டும், இறக்கவில்லை. ஜூன் 13-ல் இறந்தபோது அவருக்கு 19 வயது. நடந்ததற்குப் பல்கலைக்கழகம்தான் பொறுப்பு என்று அதன் தலைவர் ஒப்புக்கொண்டார், கோச் அக்டோபர் கடைசியில்தான் நீக்கப்பட்டார், குடும்பத்துக்கு 35 லட்சம் டாலர் இழப்பீடு 2021-ல். இங்கே கோச் பேச்சை மறுத்து உட்கார்ந்துவிட முடியுமா என்பதுதான் விஷயம். ஆடும் நேரம், ஸ்காலர்ஷிப், என்.எஃப்.எல். கனவு எல்லாமே அந்த ஒரு மனிதரின் கையில் இருக்கும்போது, மூச்சு முட்டுகிறது என்று சொல்ல ஒரு பையன் யோசிப்பான்.

ஆட்டக்காரராகவே ஆடும் மோடும் உண்டு, ரோட் டு குளோரி. இது மெலிசாக இருக்கிறது என்பதே பெரும்பாலானவர்கள் கருத்து, எனக்கும் அப்படித்தான். நேராகக் கல்லூரியில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள், பள்ளிக் கட்டமே இல்லை. வாராவாரம் கொஞ்சம் சக்தி கொடுத்து, படிப்பு, தலைமை, உடல்நலம், பயிற்சி, பிராண்டு என்ற ஐந்துக்கும் நீயே பிரித்துக்கொள் என்கிறார்கள். இதைப் பார்த்துத்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. நீயே பிரித்துக்கொள்ளலாமாம். கோல்டர் டாக்டராக வேண்டும் என்று நார்த்வெஸ்டர்னில் சேர்ந்தவர். அதற்கு வேண்டிய வேதியியல் வகுப்பு காலைப் பயிற்சி நேரத்தோடு மோதியது, எடுக்க முடியவில்லை, பின்தங்கினார், கடைசியில் உளவியலுக்கு மாறினார். நார்த் கரோலினா பல்கலைக்கழகத்திலோ 1993 முதல் 2011 வரை, வகுப்பே நடக்காமல் ஒரு கட்டுரை எழுதிக்கொடுத்தால் மார்க் போடும் பாடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. 3,100 மாணவர்கள் அதில் போனார்கள், ஏறக்குறைய பாதிப் பேர் விளையாட்டு வீரர்கள். சம்பளத்துக்குப் பதில் தருவதாகச் சொன்ன ஒரே பொருள் படிப்பு, அதிலேயே கலப்படம். 2017-ல் என்.சி.ஏ.ஏ. அந்தப் பல்கலைக்கழகத்தின் மேல் இதற்காக நடவடிக்கை எடுக்க வழியில்லை என்று முடித்துக்கொண்டது.

உடல்நலத்துக்குச் சக்தி ஒதுக்கினால் விளையாட்டில் பச்சை ஏறும். சாப்பாடு பற்றி எதுவும் இல்லை. 2014-ல் கனெக்டிகட் அணிக்குக் கூடைப்பந்துப் பட்டம் வாங்கித்தந்த ஷபாஸ் நேப்பியர், சில ராத்திரிகள் பட்டினியோடு படுக்கப் போவதாக நிருபர்களிடம் சொன்னார். நாடெங்கும் அவர் பெயர் போட்ட ஜெர்சியை மாட்டிக்கொண்டு ஆட்கள் நடக்கும் வாரத்தில் சொன்னார். அதற்குப் பிறகே என்.சி.ஏ.ஏ. அவசர அவசரமாகச் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டை எடுத்தது.

பிராண்டு வேலையில் சக்தி போட்டால் விளம்பர ஒப்பந்தங்கள் வரும், காசு வரும், பையன் புகழ் ஏறும். இது இப்போதைய நிஜம்தான், மேல்தட்டு குவார்ட்டர்பேக்குகள் வருடத்துக்கு லட்சக்கணக்கான டாலரில், சிலர் பத்து லட்சம் டாலரைத் தாண்டியும் வாங்குகிறார்கள். அதனால் இனி யார் பாவம் பார்க்க வேண்டும் என்று கேட்பவர்கள் நிறைய. எனக்கு அப்படித் தோன்றவில்லை. காசு வந்தது, பாதுகாப்பு வரவில்லை. இந்த விளையாட்டு வெளிவந்த அதே சீசனில், 2024 செப்டம்பரில், நெவாடா லாஸ் வேகஸ் அணி மூன்று ஆட்டத்தில் மூன்றும் ஜெயித்திருந்த நேரத்தில் அதன் குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்லூகா விலகினார். வாய்மொழியாக ஒரு லட்சம் டாலர் வாக்குறுதி கொடுத்தார்கள், வரவில்லை என்றது அவர் தரப்பு. அப்படி ஒப்பந்தமே இல்லை என்றது பல்கலைக்கழகத் தரப்பு. யார் சொல்வது சரி என்பது இருக்கட்டும், ஒரு லட்சம் டாலர் வேலைக்கு எழுத்தில் எதுவும் இல்லாத நிலை வேறெந்தத் தொழிலில் இருக்கும்?

எஃப்-1 விசாவில் இருந்தவர்களுக்கு இன்னொன்று புரியும். விளையாட்டில் நீங்கள் உருவாக்கும் பையனுக்கு எந்த ஊர் வைத்தாலும் விளம்பரக் காசு வரும். நிஜத்தில் மாணவர் விசாவில் இருப்பவர் அமெரிக்க மண்ணில் அந்த வேலை செய்தால் விசாவுக்கே ஆபத்து. 2022-ல் நாட்டின் சிறந்த கல்லூரிக் கூடைப்பந்து வீரராகத் தேர்வான கென்டக்கி அணியின் ஆஸ்கர் ஷீப்வே காங்கோ நாட்டுக்காரர். அணி பஹாமாஸ் போனபோது அங்கே வைத்துத்தான் விளம்பர வேலைகளைச் செய்துகொண்டார். சென்னையில் பிறந்த மகேஷ் பூபதி 1995-ல் மிசிசிப்பிக்காக என்.சி.ஏ.ஏ. இரட்டையர் பட்டம் வென்றபோதும், சோம்தேவ் தேவ்வர்மன் 2007, 2008-ல் வர்ஜீனியாவுக்காக ஒற்றையர் பட்டம் வென்றபோதும் இந்தப் பேச்சே கிடையாது. இன்று நம் ஊர்ப் பிள்ளை யாராவது டென்னிஸ் ஸ்காலர்ஷிப்பில் போனால் பக்கத்து லாக்கர்காரர் சம்பாதிப்பதை வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான்.

2025 ஜூன் 6 அன்று, அதே நீதிபதி வில்கன், ஹவுஸ் வழக்கின் சமரசத்தை ஒப்புக்கொண்டார். பழைய ஆட்டக்காரர்களுக்குப் பத்து வருடத்தில் சுமார் 280 கோடி டாலர், இனிமேல் ஒரு கல்லூரி நேரடியாகத் தன் ஆட்டக்காரர்களுக்குப் பங்கு கொடுக்கலாம், 2025-26-ல் அதற்கு வரம்பு சுமார் 2.05 கோடி டாலர். ஸ்காலர்ஷிப் உச்சவரம்பு போய் அணி அளவு உச்சவரம்பு வந்தது, ஃபுட்பாலுக்கு 105 பேர். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஸ்காலர்ஷிப் இல்லாமலே உடம்பைக் கொடுத்து ஆடிக்கொண்டிருந்த பலருக்கு அந்த 105-க்குள் இடமில்லாமல் போய், அவர்களுக்காகத் தனி விலக்கு சேர்த்த பிறகுதான் நீதிபதி கையெழுத்துப் போட்டார். ஊழியரா இல்லையா என்ற பழைய கேள்வியை இந்தச் சமரசமும் தொடவில்லை.

மறுபடி விளையாட்டுக்கு வருகிறேன். அல்டிமேட் டீம் என்ற மோடை மட்டும் தொடாதீர்கள், வீட்டில் பிள்ளைகள் ஆடினால் கார்டு விவரத்தைக் கன்சோலில் போட்டு வைக்காதீர்கள். நிஜக் காசு கொடுத்து பேக் வாங்கி, உள்ளே எந்த ஆட்டக்காரர் அட்டை வருமோ என்று பார்க்கும் சூதாட்டம் அது. முன்பே சொன்ன 600 டாலர் ஒப்பந்தத்தில் ராயல்டி இல்லை என்பதை இங்கே சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு குறை, நிஜ ஆட்டக்காரர்களின் பெயரையும் முகத்தையும் நீங்கள் மாற்ற முடியாது, ஒத்துக்கொள்ளாதவரின் சாயலில் ஆள் உருவாக்கிச் சேர்க்கவும் விட மாட்டார்கள். ரசிகர்கள் இதைத் திட்டித் தீர்க்கிறார்கள். எனக்கு இது குறையாகவே படவில்லை. ஒரு பையன் வேண்டாம் என்று சொன்னால் வேண்டாம் என்று இருப்பது இந்த மொத்த டிஸ்க்கிலும் இங்கே ஒரு இடத்தில்தான்.

வாங்கலாமா? அமெரிக்கன் ஃபுட்பால் பிடிக்குமென்றால் வாங்குங்கள், டைனஸ்டி மோடுக்காக மட்டுமே தாராளமாக வாங்கலாம். டீலக்ஸ் வேண்டாம், அந்தக் கூடுதல் முப்பது டாலரில் பெரும்பகுதி அல்டிமேட் டீம் பாயின்ட்தான். 26 வந்துவிட்டதால் 25-இன் பழைய டிஸ்க் விலை நன்றாக இறங்கியிருக்கிறது, ஸ்டேடியச் சத்தமும் ஆட்டத்தின் துள்ளலும் இதிலேயே முழுசாக இருக்கின்றன. நிஜ கோச்களின் முகம் வேண்டும் என்பவர்கள் மட்டும் 26-க்குப் போங்கள். மதிப்பெண் போடச் சொன்னால் ஆட்டத்துக்குப் பத்துக்கு எட்டரை, ரோட் டு குளோரிக்கு ஐந்து. ஆட்டக்காரர்களுக்குக் கொடுத்த காசுக்கு இரண்டு, அந்த இரண்டும் 2013-ல் கொடுத்தது பூஜ்யம் என்பதால்.